மூடியில்லாத பேரிங்

மெத்தைக்காரருக்கு வாய் ஒன்று, கை இரண்டு. மூன்றுக்கும் சும்மா இருக்கத் தெரியாது. கைக்கு வேலை இருந்தால் வாய் பேசும். பேச ஆள் இல்லையென்றால் கை எதையாவது பிரித்துப் போடும். இரண்டுக்கும் வேலை இல்லாத நேரத்துக்கென்றே சிகரெட்டைப் பிடித்து வைத்திருந்தார். மீசை முளைக்கும் முன்னால் பிடித்தது, மீசை நரைத்த பிறகும் விட்டபாடில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துப்போகவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் பாதி வழியில் இறங்கியவர் பஞ்சு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் இறங்கவே இல்லை. அவர் தைத்த மெத்தையில் படுத்தவர்கள் யாரும் முதுகு வலி என்று வந்து நின்றதில்லை. அப்படியே வந்தாலும், "மெத்தை சரியாத்தான் இருக்கு, நீங்க படுக்கிற லட்சணம் அப்படி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்பக்கம் தலையணை அடுக்கு. நடுவில் உறை தைக்கும் மெஷின். பின்னால் தகரத் தடுப்புக்குள் பஞ்சு அடிக்கும் மெஷின். அது ஓட ஆரம்பித்தால் கடைக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியாது. அவர் புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, மதியத்துக்குள் வயசு பத்து கூடிவிடும். சாயங்காலம் குளித்தால் இறங்கும்.

அந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் கதை முடிந்தது. அதனால் சிகரெட்டுக்குப் பின்சந்து. கடையின் பின்கதவைத் திறந்தால் ஒரு தகரச் சாய்ப்பு, அதன் கீழே நிற்க இடம். பக்கத்துக் கடைத் தையல்காரரும் தன் பின்கதவைத் திறந்துகொண்டு அதே இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து விடும் புகை நேராக மேலே, சமையலறை ஜன்னலுக்குப் போகும்.

"அடுப்பை அணைச்சும் எங்கேயோ புகையுதே" என்று மேலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வரும். சாய்ப்பு மறைப்பதால் அவளுக்கு ஆள் தெரியாது. தெரியவா வேண்டும்?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது மகள்தான். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. விடுப்பு முடியப் போகிற நேரத்தில் ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தாள். மெத்தைக்காரர் ஆசையாய் வாங்கித் தோளில் சாய்த்தார். குழந்தை அவர் சட்டையில் மூக்கை வைத்ததோ இல்லையோ, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டது. மறு தோளுக்கு மாற்றினார். அந்தத் தோளிலும் அதே சட்டைதானே?

மகள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அப்பா, நான் வேலைக்குத் திரும்பினா பாப்பாவைப் பகல்ல யாராவது பாத்துக்கணும். இங்க விடத்தான் எனக்கு ஆசை. ஆனா புகை இருக்கிற வீட்ல விட மாட்டேன். நீங்க சிகரெட்டை விட்டுட்டா இங்க. இல்லன்னா அத்தை வீட்ல." அவள் அத்தை என்றது மாமியாரை.

கத்திச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள், மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

"சரி, விட்டாச்சு" என்றார்.

"எப்பலேருந்து?"

"சொல்லிக்கிட்டிருக்கேன்ல, விட்டாச்சு."

அன்றே மிச்சமிருந்த சிகரெட்டைத் தையல்காரரிடம் கொடுத்தார். இழவு வீட்டில் ஆறுதல் சொல்கிற முகத்தோடு அவர் வாங்கிக்கொண்டார். மெத்தைக்காரர் தனக்குள் ஒரு பட்டியல் போட்டார். குழந்தைக்கு ஒரு குட்டி மெத்தை தைக்க வேண்டும், அது ஒன்று. கடையில் உள்ளதிலேயே நல்ல பஞ்சைப் பொறுக்கி, ஒரே நாளில் தைத்து, மேலே சமையலறைக்கு அடுத்த அறையில் விரித்தும் விட்டார். பிறகு பட்டியலில் ஒன்றும் மிச்சமில்லை. கை சும்மா ஆகிவிட்டது.

வாயைப் புதினா மிட்டாய் போட்டுச் சமாளித்தார். கைக்கு எதைப் போடுவது? நன்றாய்த் தைத்த தலையணையைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "உங்க கையைக் கொஞ்சம் கட்டிப் போடுங்களேன்" என்று சம்சாரம் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு பழைய மெத்தை பிரிக்க வந்தது.

ஒரு வீட்டின் வண்டவாளம் மெத்தை பிரிக்கிறவனுக்குத்தான் தெரியும். ஓரத்தையல் விட்டுப்போன மெத்தை எதையும் விழுங்கும். ஒற்றைத் தோடு, சீப்பு, சாவி எல்லாம் எடுத்திருக்கிறார். ஒரு தடவை பல்செட்டே வந்தது. அந்த வீட்டில் அதுவரைக்கும் நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். இந்த மெத்தையின் வயிற்றில் இருந்தது ஒரு யோயோ. பிளாஸ்டிக் சாமான் இல்லை, நல்ல கனமான அலுமினியம். நடுவில் கைநகம் அளவுக்கு ஒரு பேரிங், அதன் மேல் நூல்.

"என் பையன் இதைத் தேடி வீட்டையே தலைகீழாப் புரட்டினான். இப்ப அவனுக்குத் தலை வழுக்கை. நீங்களே வச்சுக்குங்க" என்றார் மெத்தையின் சொந்தக்காரர்.

மெத்தைக்காரர் புது நூல் முறுக்கிக் கட்டி நடுவிரலில் மாட்டினார். முதல் சில நாள் அடி முழங்காலுக்கு, கடை பல்புக்கு, தையல்காரரின் தேநீர் கிளாசுக்கு. அப்புறம் பிடிபட்டது. வீசினால் கீழே போய், நூல் முனையில் சுற்றிக்கொண்டே நிற்கும். அதை யோயோ தூங்குது என்பார்கள். அது அங்கே தூங்கும்போது இவர் மனசும் கொஞ்சம் தூங்கியது.

சிகரெட் ஆசையும் பஸ்ஸும் ஒன்று. வரும், நிற்கும், நாம் ஏறாவிட்டால் போய்விடும். பஸ் புறப்படுகிற வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை இவருக்குக் கிடைத்துவிட்டது. முன்பு சிகரெட்டுக்குப் போன நேரத்துக்கெல்லாம் இப்போது யோயோவோடு பின்சந்துக்குப் போனார்.

கொஞ்ச நாளில் யோயோ முரண்டு பிடித்தது. கீழே போனதும் தூங்காமல் நொண்டிக்கொண்டு பாதியில் நின்றது. திருகித் திறந்து பார்த்தார். பேரிங்குக்கு இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டு மூடி. மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே இருக்கிற முடியளவு இடுக்கில் பஞ்சு புகுந்து கிடந்தது. கடைப் பஞ்சு பாதி, நூலே உதிர்த்த பஞ்சு பாதி. ஊதினார், வரவில்லை. தட்டினார், வரவில்லை. மெத்தை ஊசி முனையால் மூடியைப் பிடித்திருந்த கம்பி வளையத்தை நெம்பினார். டிங் என்று எகிறிப் பஞ்சுக்குள் விழுந்தது. பஞ்சுக் கடையில் விழுந்த கம்பி வளையத்தைத் தேடுவதற்கு ஒரு ஜென்மம் போதாது. "போனா போ" என்று மறுபக்க மூடியையும் கழற்றிப் போட்டார். பேரிங்கைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் முக்கி உதறினார்.

இப்போது யோயோ சுற்றியது பாருங்கள், சும்மா பறந்தது. ஆனால் உள்ளே இருந்த பசை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டதால் ஒரே சத்தம். இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அதைச் சின்னதாக்கி இடைவிடாமல் வைத்த மாதிரி. தையல்காரர் காதைப் பொத்திக்கொண்டே சிகரெட் குடிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தச் சத்தமும் புகை போன வழியிலேயே மேலே போனது. அங்கே ஒருத்தி அதைச் சங்கீதம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். இது மெத்தைக்காரருக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்கிறவர்கள் இப்போதே தெரிந்துகொண்டால் நல்லது. அவள் கணக்கு சுலபமானது. கீச்சென்று சத்தம் வந்தால் ஆள் யோயோ ஆடுகிறார். யோயோ ஆடினால் சிகரெட் குடிக்கவில்லை. கீழே போய் எட்டிப் பார்க்க வேண்டாம், சட்டையை மோந்து பார்க்க வேண்டாம். காய் நறுக்கிக்கொண்டே புருஷனைக் காவல் காக்கலாம். மகளிடம் போனில், "அப்பா சுத்தமா விட்டுட்டாரு, எனக்குத் தெரியும்" என்று அடித்துச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஒரு கையில் யோயோவைக் கத்த விட்டு மறு கையில் ஊதுகிற ஆள் அவர் என்று அவளுக்குத் தெரியாதா?

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து விழுந்தான் அவள் தம்பி.

ஃபேன், பம்பு, மோட்டார் எல்லாம் பழுது பார்க்கிறவன். ஊரில் அவனுக்குக் கிரீஸ் என்றுதான் பேர். கதவு கத்தினாலும் கிரீஸ், கால் மூட்டு வலித்தாலும் கிரீஸ் என்பான். பஞ்சு மெஷினின் மோட்டாரைப் பார்க்க வந்தவன் பின்சந்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், உயிரோட எதையாவது அரைக்கிறீங்களா?"

"யோயோடா. மூடியைக் கழட்டினேன். எப்படி ஓடுது பாரு!"

கிரீஸின் முகம் போன போக்கைப் பார்த்தால், ஏதோ குழந்தையின் சட்டையைக் கழற்றிக் குளிரில் நிறுத்திவிட்டார் என்று தோன்றும். "மூடியைக் கழட்டிட்டீங்களா? பஞ்சுக் கடையில உக்காந்துக்கிட்டா? மூடி போட்டவன் என்ன வேலை வெட்டி இல்லாமலா போட்டான்?"

"மூடி இருந்தப்பவும் பஞ்சு உள்ள போச்சே மாப்ள. போனது வெளிய வந்துச்சா? மூடி போட்ட பானைக்குள்ள எலி போனா, சௌகரியம் எலிக்குத்தான்."

"அதுக்காகப் பானையைத் திறந்தே வச்சு ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் சொல்லி அனுப்புவீங்களா?"

"திறந்திருந்தா கழுவலாம்டா. தின்னர்ல ஒரு முக்கு, ஒரு உதறு. புதுசு மாதிரி ஆயிடும்."

"தினம் கழுவுறதுக்கு அது என்ன பல்லா?"

"நீ பல்லைத் தினம் கழுவுறியா? சொல்லவே இல்ல?"

தையல்காரர் சிரித்ததில் புகை மூக்கில் ஏறி இருமினார். கிரீஸ் விடவில்லை. யோயோவைப் பிடுங்கிப் பேரிங்கை எடுத்து, பம்புக்கு வைக்கிற கெட்டிக் கிரீஸை விரலால் அள்ளி அப்பினான். "இப்ப வீசுங்க."

வீசினார். சத்தம் இல்லை. தூக்கமும் இல்லை. கெட்டிக் கிரீஸ் பேரிங்கைப் பிடித்துக்கொள்ள, நூல் உடனே சுற்றிக்கொண்டது. போன வேகத்தில் திரும்பி வந்து தாடையில் ஒன்று வைத்தது.

"அடப்பாவி! உங்க அக்காகூட இவ்வளவு சுருக்காத் திருப்பிக் குடுக்க மாட்டா!"

"கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல" என்றான் கிரீஸ். அவனுக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. மறுநாள் தன் கடையிலிருந்து அதே அளவில் புதுப் பேரிங் ஒன்று கொண்டுவந்தான், இரண்டு பக்கமும் மூடியோடு. மூடியைத் தொடாமலே தின்னரில் ஊற வைத்து, உள்ளே இருந்த கெட்டிப் பசை கரைந்ததும் காற்றடித்து உலர்த்தியிருந்தான். மெத்தைக்காரரின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு எடுத்து இடுக்கில் விட்டான்.

மெத்தைக்காரர் வீசினார். யோயோ கீழே போயிற்று, நின்றது, சுற்றியது. சுற்றுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அப்படி ஓர் அமைதி. நூல் மட்டும் விரலில் லேசாய் அதிர்ந்தது. நாளெல்லாம் பஞ்சு பறந்தாலும் இடுக்கு அகலாத புது மூடி மேல்தான் படிந்தது, விரலால் துடைத்தால் போயிற்று. மெத்தைக்காரர் தோற்றதை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. இருந்தாலும் கிரீஸுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவன் புரிந்துகொண்டான்.

மேலே சமையலறையில் அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

சத்தம் இல்லை. பின்கதவு திறந்த சத்தம் கேட்டது, யோயோச் சத்தம் கேட்கவில்லை. சாயங்காலமும் அப்படியே. மறுநாளும். அது போதாதென்று ஜன்னல் வழியே சிகரெட் வாசனை வேறு வந்தது. தையல்காரருடையதுதான். புகையில் பேரா எழுதியிருக்கும்?

"இப்பல்லாம் யோயோ ஆடுறதில்லையா?" என்று சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"ஆடுறேனே. ரெண்டு வேளையும்."

"ஓஹோ."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஓஹோவை அவர் அறிவார். அது வந்தால் பின்னாலேயே இடி வரும். எங்கே விழும் என்றுதான் தெரியாது. அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் சட்டையை மோந்தாள். புதினா வாசனை. வாசனையை மறைக்கத்தான் மனுஷன் மிட்டாய் தின்கிறான் என்று முடிவு கட்டினாள். சாய்ப்புக்குக் கீழே போய்க் கூட்டினாள். சிகரெட் துண்டு ஒரு முறம் சேர்ந்தது.

"இது யாரோடது?"

"தையல்காரனோடது."

"திருடனைக் கேட்டா பக்கத்து வீட்டைத்தான் காட்டுவான்."

"ஏய், நான் தொட்டே பல நாளாச்சு. என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் சமாளிக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்கிறவளை என்ன செய்வது?

மகள் வேலைக்குத் திரும்புகிற வாரம் வந்தது. கடையில் அவர் உறை தைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கே போன் செய்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவை அத்தை வீட்லயே விட்டுடறேன்."

"ஏம்மா? இங்க மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்கேனே."

"ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"சத்தியமா தெரியாதும்மா."

"பொய் வேற சொல்லாதீங்கப்பா. அம்மா அழறா."

வைத்துவிட்டாள். மெத்தைக்காரர் மெஷினை நிறுத்தினார். மாடி ஏறிப் போய் குட்டி மெத்தையைப் பார்த்தார். ஓரத்தில் எழும்பியிருந்த ஒரு நூலைக் கிள்ளி எறிந்தார். சமையலறையில் அவள் முதுகு காட்டி நின்றாள். என்ன கேட்டாலும் வாயில் வந்தது வெடித்துவிடும் என்று தெரிந்து, கேட்காமலே இறங்கினார். பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு சந்துக்கு வந்தார்.

தையல்காரர் அங்கேதான் நின்றார். முகத்தைப் பார்த்ததும், "என்ன, வீட்ல பூகம்பமா?" என்றார். மெத்தைக்காரர் கொட்டித் தீர்த்தார். தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"குடிக்கலன்னாலும் குடிச்சேன்னுதான் சொல்றாங்க. பழி வந்தாச்சு. பழிக்கு உண்டான ருசியையாவது பாரேன்."

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. நண்பனுக்கு அவரால் முடிந்த உதவி அது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. குழந்தை வரப்போவதில்லை. இனி யாருக்காக விரதம்? மெத்தைக்காரர் வாங்கி உதட்டில் வைத்தார். அந்தக் காகித வாசனையிலேயே தலை கிறுகிறுத்தது. தையல்காரர் தீப்பெட்டியைத் தேடினார். ஒரு பையில் இல்லை, மறுபையில் இல்லை. "கடையில விட்டுட்டேன் போல. இரு, வரேன்" என்று உள்ளே போனார்.

பஸ் வந்து நின்றுவிட்டது. கதவும் திறந்திருக்கிறது. கண்டக்டர்தான் சில்லறை எடுக்கப் போயிருக்கிறான்.

கைக்கு அந்த நேரமும் சும்மா இருக்கத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து யோயோவை எடுத்து, நூலை விரலில் மாட்டி, வீசியது. கோபத்தில் வீசிய வீச்சு. யோயோ கீழே போய் அசையாமல் நின்று சுற்றியது. விரலில் அந்த அதிர்வு. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் சிகரெட், கையில் யோயோ. இது நிற்கட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தார். பாழாய்ப் போனது நிற்கிற வழியாக இல்லை. கிரீஸின் வேலை அப்படி.

படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் அவர் சம்சாரம் பின்கதவில் நின்றாள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்திருந்தாள். பிடித்தும்விட்டாள்.

"பத்த வைக்கல" என்றார் மெத்தைக்காரர். சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே சொன்னதால் அது அவ்வளவு எடுபடவில்லை.

அவள் சிகரெட்டைப் பார்க்கவில்லை. அவர் கைக்குக் கீழே பார்த்தாள். "அது என்ன பண்ணுது?"

"எது?"

"அது. சுத்துதா?"

"சுத்தாம? வீசி எவ்வளவு நேரமாச்சு!"

அவள் குனிந்தாள். காதை யோயோவுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். "கூந்தல், கூந்தல்! மாட்டிக்கப் போகுது!" என்று அவர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை.

"சத்தம் எங்கே?"

"எந்தச் சத்தம்?"

"கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குமே, அந்தச் சத்தம்!"

"அது போயிடுச்சு. உன் தம்பி மூடி போட்ட பேரிங் மாட்டிக் குடுத்தான்."

அவள் நிமிர்ந்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். "சத்தம் வந்தா நீங்க குடிக்கலன்னு இருந்தேன். சத்தம் நின்னுச்சு, புகை வந்துச்சு. நான் என்னத்தைன்னு நினைப்பேன்?"

மெத்தைக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. "இதை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? ஓஹோ, ஓஹோன்னியே, அந்த ஓஹோவுக்குப் பதிலா சத்தம் எங்கன்னு ஒரு வார்த்தை!"

"கேட்டா நீங்க ஏமாத்துவீங்க."

"எப்படி ஏமாத்துவேன்?"

அவள் எப்படி என்று சொன்னாள். ஒரு கையில் யோயோ, மறு கையில் சிகரெட். மெத்தைக்காரர் யோசித்துப் பார்த்தார். "ஆமா, செஞ்சிருப்பேன்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரித்ததில் உதட்டிலிருந்த சிகரெட் சாக்கடையில் விழுந்தது. தீப்பெட்டியோடு வந்த தையல்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய் கிரீஸு, அந்த மூடியை இப்பவே கழட்டணும். எப்படிக் கழட்டணும்னு உங்க மச்சான்கிட்ட சொல்லு."

போனுக்குள் கிரீஸ் அலறியது சந்து முழுக்கக் கேட்டது. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? பஞ்சுக் கடையில மூடியில்லாத பேரிங்கா? அவருக்குத்தான் புத்தியில்ல, நீயுமா?"

"கழட்டுன்னா கழட்டுடா."

"வேணும்னா ஒரு பக்கம் மட்டும் கழட்டச் சொல்லு. பாதி சத்தம் வரும், பாதி பஞ்சுதான் போகும்."

"பாதி சத்தம் வந்தா எனக்குப் பாதி நம்பிக்கைதான் வரும். ரெண்டையும் கழட்டச் சொல்லு."

மெத்தைக்காரர் ஊசியை எடுத்து நெம்பினார். இந்தத் தடவை மூடி வளைந்தேவிட்டது. பேரிங்கைத் தின்னரில் முக்கி உதறி மாட்டினார். வீசினார். கீச்ச்ச்சென்று சந்தே கூசியது. அவள் மகளுக்குப் போன் செய்து, யோயோவுக்குப் பக்கத்தில் போனை நீட்டினாள்.

"கேக்குதா?"

"என்னம்மா அது, யாரையாவது கொல்றீங்களா?"

"உங்க அப்பா சிகரெட் குடிக்காத சத்தம்டி. எல்லாம் என் தப்பு. நேர்ல வா, விவரமாச் சொல்றேன்." பிறகு மெத்தைக்காரரின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு குரலை இறக்கினாள். "இல்லடி. வாயில வச்சிருந்தாரு, பத்த வைக்கல. என் கண்ணால பாத்தேன். யோயோ நின்னதும் கீழதான் போட்டிருப்பாரு. ஆமா, நான் சொல்றேன்ல, கொண்டு வா."

திங்கட்கிழமை காலையில் குழந்தை வந்து சேர்ந்தது. மெத்தைக்காரர் அலசி உலர்த்திய சட்டையோடு வாசலில் நின்றார். குழந்தை அவர் தோளில் மூக்கை வைத்து ஆராய்ந்தது. பஞ்சு வாசனைக்கு ஒரு தும்மல் போட்டது, அவ்வளவுதான், அழவில்லை. மகள் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பதினொரு மணி வாக்கில் அவருக்கு வழக்கமான பஸ் வந்தது. பின்சந்துக்குப் போய் யோயோவை வீசினார்.

மேலே வீறென்று ஓர் அழுகை.

யோயோவைச் சுருட்டினார். அழுகை மெல்ல அடங்கியது. அவள் தாலாட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மெதுவாகத்தான் வீசினார். திரும்பவும் வீறல். தாலாட்டு நின்றது. ஜன்னல் திறந்தது.

"ஏங்க! அந்தச் சனியனுக்கு மூடியைப் போட்டுத் தொலைங்க!"

மெத்தைக்காரர் சாய்ப்பை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "மூடி போட்டா சத்தம் வராதே."

"வர வேணாம்."

"அப்புறம் நான் என்ன பண்றேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம் போங்க. உங்களை நம்புறதும் நம்பாததும் என் பாடு. இப்பத்தான் கண்ணு அசந்தா. போய் மூடியைப் போடுங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது. பக்கத்துப் பின்கதவு திறந்தது. தையல்காரர் வந்து ஒன்றைப் பற்ற வைக்கப் போனார்.

"அந்தப் பக்கம் போய்க் குடி" என்றார் மெத்தைக்காரர்.

"எந்தப் பக்கம்?"

"சந்து முனைக்கு. புகை மேல போகுது, குழந்தை தூங்குது."

"இத்தனை வருஷமா இங்கதானேய்யா குடிச்சோம்!"

"அதான், போதும்னு சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே தையல்காரர் நகர்ந்தார். மெத்தைக்காரர் யோயோவைப் பையில் போட்டுக்கொண்டு மச்சினன் கடைக்கு வேகமாக நடந்தார். கிரீஸ் எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். அக்கா ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள் என்று அவன் சிரிப்பிலேயே தெரிந்தது.

"வாங்க மச்சான், வாங்க. யாரோ மூடி வேணாம்னாங்க? யாரோ எலின்னாங்க, பானைன்னாங்க?" மூடி போட்ட இன்னொரு புதுப் பேரிங்கை விரலில் வைத்து அழகு பார்த்துக்கொண்டே, மூடி ஏன் வேண்டும், பஞ்சு எப்படிப் புகும், குண்டு எப்படித் தேயும் என்று ஆரம்பித்தான். பக்கத்தில் பம்புக்குக் காத்திருந்தவர்களும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். மெத்தைக்காரர் வாயே திறக்கவில்லை. அவனுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன மச்சான், ஒரு பதிலையும் காணோம்? உடம்பு சரியில்லையா?"

"பேச்சைக் குறைச்சுட்டுச் சீக்கிரம் மாட்டுடா" என்றார் மெத்தைக்காரர். "பாப்பா முழிக்கிறதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும்."